நீர் மலைப்பாம்பு வளர்ப்பும் அதன் சுபாவமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் வாழும் வாட்டர் பைத்தான் என்ற நீர் மலைப்பாம்பு ஒன்றைப் பிரிஸ்பேனில் எங்கள் வீட்டில் ஒன்பது ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். அதை முதன்முதலாகப் பார்க்கும் நண்பர்களும், புதிதாக வாங்க எண்ணுபவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான விடைகளை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். எந்தக் கேள்வியில் தொடங்கினாலும் பேச்சு கடைசியில் அதன் சுபாவத்தில்தான் வந்து நிற்கும் என்பதால், அந்தப் பகுதி மட்டும் சற்று நீண்டுவிட்டது.

நீர் மலைப்பாம்பு என்பது எது? நம் ஊர் தண்ணீர்ப்பாம்பின் உறவா?

இல்லை. நம் குளங்களிலும் வயல்களிலும் காணப்படும் நீர்க்கோலி வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை, விஷமில்லாத பாம்பாக இருந்தும் தொட்டால் தயங்காமல் கடிக்கும் என்ற பெயரைச் சம்பாதித்து வைத்திருப்பதுதான்.

நீர் மலைப்பாம்பின் அறிவியல் பெயர் லியாசிஸ் ஃபஸ்கஸ். 1873இல் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் இதற்கு அப்பெயரிட்டார். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதி, வடக்குப் பிராந்தியம், குவீன்ஸ்லாந்தின் வடகிழக்கு ஆகிய இடங்களிலும் நியூ கினியின் தென்பகுதியிலும் இது வாழ்கிறது. வளர்ந்த பாம்பு பெரும்பாலும் 2 மீட்டர் அளவில் இருக்கும். 3 மீட்டரை எட்டுபவையும் உண்டு, ஆனால் அரிது. முதுகு கரும்பழுப்பு, வயிறு மஞ்சள், உதடு வெளிறிய நிறம் என்று எழுத்தில் சொன்னால் சாதாரணமாகத் தோன்றும். சட்டை உரித்த மறுநாள் காலை வெயிலில் அதைப் பார்க்க வேண்டும். தண்ணீர் தேங்கிய சாலையில் சிந்திய எண்ணெயைப் போல, அந்தப் பழுப்பின் மேல் நீலமும் ஊதாவும் பச்சையும் ஓடும்.

தீமோர் முதலிய இந்தோனேசியத் தீவுகளில் வாழும் மாக்லாட் மலைப்பாம்பு இதற்கு மிக நெருங்கிய உறவு. முன்பு இரண்டையும் ஒரே இனமாகவும் கருதியதுண்டு. ஆகவே விற்பவர் "வாட்டர் பைத்தான்" என்று சொன்னால், எந்த இனம் என்று தெளிவாகக் கேட்டு வாங்குவது நல்லது.

இது மிகவும் கோபக்காரப் பாம்பு என்கிறார்களே, உண்மையா?

கடிக்கும் என்பது உண்மை. கோபம் என்பதுதான் தவறு. ஒன்பது ஆண்டுகளில் இந்தப் பாம்பு என்னை ஐந்து முறை கடித்திருக்கிறது. அவற்றுள் நான்கு முறை அது என் கையை எலி என்று நினைத்துத்தான் கடித்தது. குட்டியாக இருந்தபோது பயந்து கடித்தது ஒரே ஒரு முறை. நீர் மலைப்பாம்பின் சுபாவத்தைப் பற்றிச் சொல்லப்படும் பத்துக் கதைகளில் எட்டுக் கதைகளாவது உண்மையில் அதன் பசியைப் பற்றிய கதையாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

அந்தப் பசி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள டார்வின் நகரத்துக்கு அருகிலுள்ள ஃபாக் அணைப் பகுதிக்குப் போக வேண்டும். 1950களில் ஹம்ப்டி டூ என்ற இடத்தில் பெரிய அளவில் நெல் பயிரிடும் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டு, அதற்காகக் கட்டப்பட்ட அணை அது. நெல் திட்டம் தோற்றுப்போனது. அணையும் சதுப்பும் நின்றன. அங்குள்ள நீர் மலைப்பாம்புகளை ரிச்சர்ட் ஷைன், தாமஸ் மேட்சன் ஆகிய ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அடிலெய்ட் ஆற்றின் வெள்ளச் சமவெளியில் வாழும் ஒருவகைக் காட்டெலிதான் அந்தப் பாம்புகளின் முக்கிய உணவு. மழையில்லாத வறண்ட காலத்தில் கரிசல் மண் வெடித்துப் பிளந்து கிடக்கும்போது எலிகள் அந்த வெடிப்புகளுக்குள் குடியிருக்கும். மழைக்காலத்தில் சமவெளி நீரில் மூழ்கியதும் அவை மேட்டுக் கரைகளுக்கு ஏறிவிடும். பாம்புகளும் எலிகளைத் தேடிப் பல கிலோமீட்டர் பயணம் செய்து அதே கரைகளுக்குப் போய்ச் சேரும். மழை முடியும் தறுவாயில் மேக்பை வாத்து என்ற பெரிய கருப்புவெள்ளைப் பறவைகள் சதுப்பில் முட்டையிடும்போது அவற்றின் முட்டைகளையும் விழுங்கும். 2007இல் வந்த கடும் வெள்ளத்தில் எலிக்கூட்டம் அடியோடு அழிந்தபோது, பாம்புகள் எலும்பும் தோலுமாக மெலிந்தன. அவற்றின் எண்ணிக்கையும் சரிந்தது.

ஓர் ஆண்டு விருந்து, மறு ஆண்டு பட்டினி என்ற வாழ்க்கைக்குப் பழகிய பாம்பு, எதிரே அசையும் வெப்பமான பொருள் எதுவாக இருந்தாலும் முதலில் பிடித்துக்கொண்டு பிறகு யோசிப்பதுதான் நியாயம். கூண்டுக்குள் வாழ்ந்தாலும் அந்தக் கணக்கை அது மறப்பதில்லை.

பசியில் பாய்கிறதா, பயத்தில் சீறுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைக் கற்றுக்கொண்டால் இந்தப் பாம்பை வளர்ப்பதில் பாதி வேலை முடிந்துவிடும்.

பயந்த பாம்பு பின்வாங்கும். கழுத்தை ஆங்கில எஸ் எழுத்துப் போல வளைத்து, தலையைச் சுருளின் நடுவே இழுத்துக்கொண்டு, உடலை விறைப்பாக வைத்திருக்கும். மூச்சு சீறலாகக் கேட்கும். தூக்கினால் வாலடியிலிருந்து கஸ்தூரி நெடி போன்ற துர்நாற்றமுள்ள திரவத்தைப் பீய்ச்சும், சில சமயம் எச்சத்தையும் சேர்த்து. கடித்தால் அடித்துவிட்டு உடனே விட்டுவிடும்.

பசித்த பாம்பு முன்னால் வரும். கூண்டின் கதவு நகரும் சத்தம் கேட்டதும் எங்கள் பாம்பு தண்ணீர்த் தொட்டியிலிருந்து தலையை மட்டும் மெதுவாக உயர்த்தும். நாக்கு நீளமாக வெளியே வந்து, மேலும் கீழும் நிதானமாக ஆடி உள்ளே போகும். கழுத்து தளர்வாகவே இருக்கும், ஆனால் பார்வை கையை விட்டு அகலாது. பார்ப்பவருக்கு அது நம்மை அடையாளம் கண்டு வரவேற்பது போலத் தோன்றும். அந்த நேரத்தில் கையை நீட்டினால், அடித்த வேகத்திலேயே பிடித்து இரண்டு மூன்று சுற்று சுற்றிக்கொண்டு விடாமல் இறுக்கும். அதன் கீழுதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் உள்ளன. அந்தக் குழிகளுக்கு, கண்ணாடிக்கு இந்தப்பக்கம் இருக்கும் குளிர்ந்த அறையிலிருந்து உள்ளே நுழையும் மனிதக் கை வெதுவெதுப்பான ஓர் எலிதான்.

தீர்வு எளிது. கதவைத் திறந்ததும் கையை விடாமல், முதலில் ஒரு கொக்கிக் கம்பியின் முதுகுப்பக்கத்தால் அதன் கழுத்துக்குச் சற்றுக் கீழே மெல்ல இரண்டு முறை தடவுங்கள். குளிர்ந்த இரும்பு தொட்டால் இன்று உணவு இல்லை என்று ஓரிரு மாதங்களில் அது கற்றுக்கொள்ளும். நாக்கின் ஆட்டம் வேகம் குறைந்து, தலை சற்றுத் திரும்பும். அதன் பிறகு நடு உடலுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கலாம். எலி என்று நினைத்து அது என்னைக் கடித்த நான்கு முறையும், "பழகின பாம்புதானே" என்று கம்பியை எடுக்காமல் போன நாள்கள்.

குட்டி வாங்கியிருக்கிறேன், பக்கத்தில் போனாலே கொத்துகிறது. வளர வளர மாறுமா?

பெரும்பாலும் மாறும். அந்த அளவில் இருக்கும் பாம்பைக் காட்டில் பறவை, உடும்பு, பெரிய பாம்பு என்று எல்லாமே தின்னும்; ஆகவே எதைக் கண்டாலும் கொத்துவதுதான் அதற்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு. புதிதாக வந்த குட்டியை முதல் இரண்டு வாரம் தொடவே வேண்டாம். மூன்று முறை தவறாமல் உண்ட பிறகு, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் என்று தொடங்குங்கள். உண்ட பிறகு குறைந்தது இரண்டு நாள் தூக்கக் கூடாது, தூக்கினால் கக்கிவிடும். அது கொத்தும்போது பயந்து திரும்ப வைத்துவிட்டால், கொத்தினால் மனிதன் போய்விடுவான் என்ற பாடத்தை நாமே சொல்லிக் கொடுத்தவர்களாவோம். கொத்தினாலும் ஒரு நிமிடம் அமைதியாகக் கையில் வைத்திருந்து, அது அடங்கிய பிறகே கீழே விட வேண்டும். குட்டியின் கடி ரோஜா முள் கீறியது போலத்தான் இருக்கும்.

எல்லாக் குட்டிகளும் மாறும் என்று சொல்ல மாட்டேன். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டில் ஒன்று ஓராண்டில் சாதுவாகிவிட, மற்றொன்று ஐந்து வயதிலும் சீறிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். காட்டில் பிடித்த பாம்பைவிட வளர்ப்பில் பிறந்தது விரைவில் பழகும். எப்படிப் பழகினாலும் அது நாயைப் போல நம்மைத் தேடி வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் வேறு பிராணியை வளர்க்கலாம். இது நம்மைச் சகித்துக்கொள்ளக் கற்கிறது, அவ்வளவுதான்.

கடித்துவிட்டால் என்ன செய்வது?

விஷம் கிடையாது. ஆனால் பற்கள் உள்நோக்கி வளைந்தவை, எண்ணிக்கையிலும் அதிகம். ஆகவே பிடித்துக்கொண்ட பாம்பிடமிருந்து கையை வெடுக்கென்று இழுத்தால் நம் தோலும் கிழியும், அதன் பல்லும் உடையும். அசையாமல் நில்லுங்கள். குளிர்ந்த நீருக்கு அடியில் பிடித்தால் பெரும்பாலும் விட்டுவிடும். அப்படியும் விடாவிட்டால், வாலின் நுனியிலிருந்து சுருளைப் பிரித்தெடுத்து, தலையைச் சற்று முன்னால் தள்ளிய பிறகு விடுவிக்க வேண்டும். இதற்கு இன்னொருவர் உதவி இருந்தால் நல்லது. காயத்தைச் சோப்பு நீரில் கழுவி, உடைந்த பல் உள்ளே தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு நெடுநாளாகியிருந்தால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். 2 மீட்டருக்கு மேல் வளர்ந்த பாம்புக்கு உணவு கொடுக்கும்போது வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்கட்டும்.

பெயரிலேயே நீர் இருக்கிறதே, மீன்தொட்டி போல நீர் நிரப்பி வளர்க்க வேண்டுமா?

வேண்டாம். புதிதாக வளர்ப்பவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு இதுதான். காட்டில் இது நீரோரத்தில் வாழ்ந்தாலும், பகலில் காய்ந்த வெடிப்பிலோ மரவேர்ப் பொந்திலோ படுத்திருந்து, இரவில் இரை தேடி நீருக்கு வரும் பாம்பு. தரை எப்போதும் ஈரமாகவே இருந்தால் வயிற்றுச் செதில்களில் நீர்க்கொப்புளம் வந்து, பிறகு அழுகல் நோயாக மாறும். முதல் ஆண்டில், ஈரம் வேண்டுமென்று பாசியையும் தேங்காய்நார்த் தூளையும் நனைத்து நிரப்பி வைத்தேன். நான்காவது மாதம் மஞ்சள் வயிற்றில் மிளகு அளவில் சிவந்த புள்ளிகள் தோன்றின. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, "தண்ணீரைத் தொட்டியில் வையுங்கள், தரையில் வைக்காதீர்கள்" என்றார். மருந்தோடு காய்ந்த காகித விரிப்பில் ஆறு வாரம் வைத்த பிறகு சரியானது.

முழு உடலும் சுருண்டு மூழ்கும் அளவுக்கு, கவிழாத கனமான தொட்டி ஒன்று போதும். அதைக் குளிர்ந்த பக்கத்தில் வையுங்கள். அதற்குள்ளேயே எச்சமும் இடும் என்பதால், நீரைத் தினமும் பார்த்து மாற்றியாக வேண்டும். நாள் முழுவதும் நீரிலேயே கிடந்தால் மகிழ்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். கூண்டு அதிகமாகச் சூடாகியிருக்கலாம், அல்லது உடலில் உண்ணி போன்ற சிறு பூச்சிகள் ஏறியிருக்கலாம். தொட்டியின் அடியில் கடுகு அளவில் கருப்புப் புள்ளிகள் கிடந்தால் பூச்சிதான்.

கூண்டும் வெப்பமும் எப்படி இருக்க வேண்டும்?

வளர்ந்த பாம்புக்கு 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் குறைந்தபட்சம். இது நிறைய நடமாடும் பாம்பு என்பதால், இடமிருந்தால் 180 செ.மீ. நீளம் கொடுங்கள். ஒரு பக்கம் 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரை சூடாகவும், மறுபக்கம் 25 அல்லது 26 டிகிரியாகவும் இருந்தால் அதுவே இடம் மாறித் தன் உடல் வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளும். இரு பக்கமும் ஒவ்வொரு மறைவிடம் வேண்டும். ஒரே ஒரு மறைவிடம் வைத்தால், பயந்த பாம்பு வெப்பத்தை விட்டுக்கொடுத்து ஒளிந்தே கிடக்கும்.

தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த ஹீட்டரையும் போடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்ப்பவர்களிடம் எனக்குப் பொறுமை இருப்பதில்லை. சூடான பல்பு என்றால் கம்பி வலை போட்டு மூடுங்கள். இல்லையேல் அதைச் சுற்றிக்கொண்டு வெந்துவிடும். கதவுக்குப் பூட்டு வேண்டும். நகரும் கண்ணாடிக் கதவை இது மூக்கால் தள்ளித் தள்ளி இரண்டு விரல் இடைவெளி உண்டாக்கிவிடும், அந்த இடைவெளி அதற்குப் போதும்.

என்ன உணவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை?

உறையவைத்து விற்கும் எலிகள்தான். குட்டிக்குச் சிறிய சுண்டெலி வாரம் ஒன்று. ஓராண்டு கழிந்ததும் பத்து நாளுக்கு ஒன்று. வளர்ந்த பாம்புக்கு, அதன் உடலின் மிகத் தடித்த பகுதியின் பருமனுள்ள எலி, மூன்று வாரத்துக்கு ஒன்று போதுமானது. எலியைக் குளிர்பெட்டியில் ஓரிரவு வைத்து உருகவிட்டு, பிறகு வெந்நீரில் சூடாக்கி, நீளமான இடுக்கியால் நீட்டுங்கள். உயிருள்ள எலி வேண்டாம். மூலையில் மாட்டிய எலி பாம்பின் கண்ணைக் கடித்துவிடும்.

பசியைப் பற்றி இவ்வளவு எழுதியபின் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் பாம்பு எப்போதும் பசியோடு இருப்பது போலவே நடந்துகொள்ளும். நேற்று உண்ட பாம்பும் இன்று கதவோரம் வந்து நிற்கும். அதை நம்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் கொழுத்துவிடும். வாலடி தடித்து, வளையும்போது செதில்களுக்கிடையே தோல் தெரிந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். பிறந்த ஆண்டில் நிறைய எலி கிடைத்த பாம்புகள் பிறகும் வேகமாக வளர்ந்தன என்று ஃபாக் அணை ஆய்வு சொல்கிறது. அது காட்டின் பட்டினிக் காலங்களைக் கடக்க வேண்டிய பாம்புக்குப் பொருந்தும். வீட்டிலிருக்கும் பாம்புக்கு முன்னால் அப்படியொரு பட்டினி இல்லை.

சில வாரங்களாக உண்ணவில்லை. கவலைப்பட வேண்டுமா?

கண் பால்போல் மங்கியிருந்தால் சட்டை உரிக்கப்போகிறது, காத்திருங்கள். குளிர்காலத்தில், வளர்ந்த ஆண் பாம்பு இனச்சேர்க்கை நாட்டத்தில் இரண்டு மூன்று மாதம்கூட உண்ணாமல் இருக்கும். எடை பெரிதாகக் குறையாதவரை பயமில்லை. ஆனால் வாயைத் திறந்தபடி மூச்சு விடுவது, வாயோரத்தில் குமிழ் வருவது, மூச்சில் விசில் போன்ற ஒலி கேட்பது ஆகியவை நுரையீரல் நோயின் அடையாளங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும், ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் அன்றே கொண்டுபோங்கள். வீட்டில் வேறு பாம்பு இருந்தால், புதிதாக வருவதைக் குறைந்தது மூன்று மாதமாவது தனியறையில் வைப்பது நல்லது.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் வளர்க்கலாமா?

பூட்டிய கூண்டும், பெரியவர் கையில் சாவியும் இருந்தால் வளர்க்கலாம். குழந்தை தொட்டுப் பார்க்க விரும்பினால், தலை உங்கள் பக்கம் இருக்கட்டும், வால்பக்கத்தைத் தொடட்டும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வாயில் வைக்கக் கூடாது; ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கும். கோழி, முயல், வெள்ளெலி வளர்ப்பவர்கள் அவற்றைத் தொட்ட கையோடு பாம்புக் கூண்டைத் திறக்க வேண்டாம். என் கையில் கோழி வாசனை இருந்த நாளொன்றும் அந்த நான்கில் அடக்கம்.

முட்டையிட வைக்க விரும்புகிறேன்.

இரண்டு மூன்று ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு யோசியுங்கள். பத்துப் பதினைந்து குட்டிகளுக்கும் உரிமம் உள்ள வீடு தேட வேண்டியிருக்கும் என்பதை முதலில் கணக்கில் கொள்ளுங்கள். தாய்ப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு அடைகாக்கும். காட்டில் இதிலும் ஒரு நுட்பம் உண்டு: வெப்பமான உடும்பு வளைக்குள் இட்ட தாய், முட்டைகளை விட்டுவிட்டு விரைவிலேயே இரை தேடப் போய்விடும், குளிர்ச்சியான மரவேர்ப் பொந்தில் இட்ட தாய் இறுதிவரை பட்டினியோடு அடைகாத்திருக்கும். அடைகாக்கும் தாயின் கோபம் மட்டும் பசிக்கோபம் அன்று. அப்போது கொக்கிக் கம்பியும் பயன்படாது.

உரிமம் தேவையா? தமிழ்நாட்டில் வளர்க்க முடியுமா?

ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபடும். குவீன்ஸ்லாந்தில் உரிமம் கட்டாயம். உரிமம் உள்ளவரிடமிருந்தே வாங்க வேண்டும், வாங்கியதையும் கொடுத்ததையும் பதிவேட்டில் எழுத வேண்டும். காட்டிலிருந்து பிடித்து வருவது குற்றம். நாட்டின் சொந்த ஊர்வனவற்றை வணிகத்துக்காக உயிருடன் வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது.

மலைப்பாம்பு இனங்கள் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவை. இந்தியாவில் 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும் 2024இல் வந்த விதிகளின்படியும், அப்பட்டியலிலுள்ள அயல்நாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர் அதை மத்திய அரசின் பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். 2023இல் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்த பயணி ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் பிடிபட்டது பலருக்கு நினைவிருக்கும். அந்த வழியில் வரும் பாம்புகளை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். பயணத்தில் நொந்து வந்த பாம்பு எப்படி வளரும் என்பது ஒருபக்கம் இருக்க, அதற்கு ஆவணமும் கிடையாது.

இனி வளர்க்க முடியாத நிலை வந்தால்?

இருபது ஆண்டுகள் வாழக்கூடிய பாம்பு என்பதால் இந்தக் கேள்வி வாங்கும்போதே எழ வேண்டும். எக்காரணம் கொண்டும் வெளியில் விடக் கூடாது. பிரிஸ்பேன் இதன் ஊரும் அன்று; குளிர்கால இரவில் செத்துவிடும், அல்லது வளர்ப்பில் பெற்ற நோயை உள்ளூர் பாம்புகளுக்குப் பரப்பிவிடும். உரிமம் உள்ள ஒருவரிடமோ ஊர்வன ஆர்வலர் சங்கத்திடமோ ஒப்படைத்து, பதிவேட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கொடுக்கும்போது ஒரு தாளில் சில விவரங்களை எழுதிக் கொடுங்கள்: கடைசியாக உண்ட நாள், எலியின் அளவு, சட்டை உரித்த நாள்கள், கதவைத் திறந்ததும் எந்தப் பக்கத்திலிருந்து பாயும், கம்பியால் எங்கே தடவினால் அடங்கும்.